குடியிருப்போடு வரும் பொதுக் கார்

லண்டனின் சட்டன் பகுதியில் 2002-இல் கட்டி முடித்த பெட்செட் குடியிருப்பில் சுமார் 100 வீடுகள். நிறுத்துமிடத்தைக் குறைத்து, மணிக்கணக்கில் எடுத்து ஓட்டப் பொதுக் கார்களைத் திட்டத்திலேயே சேர்த்தார்கள். அதுதான் சரியான வரிசை. சொந்தக் கார் வாங்கியவரிடம் பிறகு அதைக் கைவிடச் சொல்வது கடினம்.

நீலகிரியின் நெல்லியாளத்திலும் இது நடக்கக்கூடியதே. தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர்களுக்காக 1968-இல் தொடங்கிய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உள்ள பகுதி இது. வண்டியைப் பகிர்வதும், ஜீப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துப் போவதும் மலைக்குப் புதிதல்ல.

இங்கே நிறுத்துமிடம் என்றாலே சரிவை வெட்டுவதுதான். வெட்டிய சரிவு மழையில் இறங்கும். புதுக் குடியிருப்பு வரைபடத்திலேயே பொது வண்டிக்கு இடம் குறித்துவிடலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும்: நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து அவசியம். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடக்கூடாது.