கியர் பொக்ஸை மாற்றச் சொன்னால், முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

"கியர் பொக்ஸ் போய்விட்டது, மாற்ற வேண்டும்." கராஜில் இந்த வார்த்தையைக் கேட்டதும் பல குடும்பங்கள் நகையைத்தான் நினைக்கின்றன, அடகு வைக்க. வாகனம் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கியர் பொக்ஸ் பழுது என்று வரும் எல்லா வாகனங்களிலும் பழுது அதற்குள்ளே இருப்பதில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் எங்கள் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை பழைய கார்கள். போரில் இடது காலை இழந்த ஒருவருக்கு கிளச் இல்லாத ஓட்டோ கியர் கார் வெறும் வசதி அல்ல. யார் துணையும் இல்லாமல் வைத்தியசாலைக்கும் வேலைக்கும் போய்வர அவருக்கு உள்ள வழி அது. அந்தக் கார் நின்றால் அவரும் வீட்டோடு நிற்க வேண்டியதுதான்.

முதலில் மனுவல் கியர் காரைப் பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது கியர் விழ மறுத்து, எஞ்சினை நிறுத்தியதும் இலகுவாக விழுந்தால் பெரும்பாலும் குறை கிளச்சில்தான். கிளச் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது கிளச் சிலிண்டரில் ஒயில் கசியலாம். இவை சிறிய செலவுகள்.

எஞ்சின் இரைந்தும் கார் வேகம் எடுக்காவிட்டால் கிளச் பிளேட் தேய்ந்திருக்கலாம். முன்னால் ஆளில்லாத சமதரையில் காரை நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுபோனால் கிளச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம்.

சத்தமும் இடத்தைக் காட்டும். கிளச்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளச் பெயாரிங். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பொக்ஸின் உள் பெயாரிங்காக இருக்கலாம். ஓடும்போது ஒரு கியர் தானாகக் கழன்று வந்தால் உள்ளே பார்க்கத்தான் வேண்டும். வளைவில் 'டக் டக்' என்று கேட்பது பெரும்பாலும் சில்லுக்குப் போகும் அச்சின் மூட்டு. அதற்கும் கியர் பொக்ஸுக்கும் சம்பந்தமில்லை.

ஓட்டோ கியர் காரில் ஒயில்தான் உயிர். 'டி'யில் போட்டு இரண்டு மூன்று செக்கன் கழித்து கார் அசைவது, மெதுவாகப் போகும்போது நடுங்குவது, ஏற்றத்தில் இழுக்காமல் இரைவது, ஒயில் கறுத்துக் கருகிய மணம் வருவது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றோடு மாதக்கணக்கில் ஓடினால் ஒயில் மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை முழுப் பொக்ஸில் போய் முடியும்.

விட்ஸ், வகன் ஆர் போன்ற ஜப்பான் கார்கள் பலவற்றில் இருப்பது சி.வி.ரி. வகை. அதில் உலோகப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடுகிறது. அந்தப் பட்டி வழுக்காமல் பிடிப்பதற்கு ஏற்ற ஒயில் வேறு. கடையில் பொதுவாக "ஓட்டோ ஒயில்" என்று கேட்டு வாங்கி ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பி கீறுபடும். காரின் மாதிரி இலக்கத்தைக் காட்டி, அதற்கென்று தயாரிப்பாளர் குறித்த ஒயிலையே கேளுங்கள். இவற்றில் பலவற்றுக்கு அளவு பார்க்கும் கம்பி கிடையாது. கராஜில் காரை உயர்த்தி, ஒயில் உரிய சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும்.

கியர் மாறும்போது 'டொக்' என்று உதைத்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையும் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கழற்றுவதற்கு முன் ஸ்கேன் செய்விக்க வேண்டும். ஒரு சென்சரோ, அறுந்த வயரோகூடக் காரை ஒரே கியரில் பூட்டி வைக்கும்.

எங்கள் பகுதிக்கென்று இரண்டு விடயங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் கார் நின்றிருந்தால், ஓடுவதற்கு முன் கியர் ஒயிலைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அந்த நிலையில் எஞ்சினை இயக்கக்கூடாது. அடுத்தது, நடுவழியில் நின்ற ஓட்டோ கியர் காரைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது கியர் பொக்ஸுக்குள் ஒயில் சுற்றாது. இழுக்க இழுக்க உள்ளே தேயும். முன்சில்லு இழுக்கும் கார் என்றால் முன்சில்லுகளைத் தூக்கியே கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் பொக்ஸை மாற்றத்தான் வேண்டும் என்றால், காசு கொடுக்க முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஸ்கேனில் என்ன குறியீடு வந்தது? வடித்த ஒயில் எப்படி இருந்தது? போடப்போகும் பொக்ஸ் இதே மாதிரி இலக்கத்துக்கு உரியதா? எத்தனை மாத உத்தரவாதம், அதை எழுதித் தருவீர்களா? கழற்றிய பழைய பொக்ஸையும் கேட்டுப் பாருங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், இன்னொரு கராஜில் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.