ஜெனரேட்டருக்கு இடம் அஞ்சடி அல்ல

பெட்ரோலில் ஓடும் சிறிய ஜெனரேட்டர் பேராக்கில் பாசார் மாலாம் கடைகளுக்கும் கோயில் பந்தல்களுக்கும் பழகிய பொருள். அது வீட்டு வாசலுக்கு வருவது மழைக்காலத்தில் மின்சாரம் நிற்கும்போதுதான். ஈப்போவில் உறைபனி இல்லை; குளிர் என்றால் அடைமழைதான். பனி நாடுகளில் குளிருக்குப் பயந்து எஞ்சினை வீட்டுக்குள் நகர்த்துவார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலம் உறைந்து மின்சாரம் நின்றபோது, அப்படி நகர்த்திய வீடுகளில் பலர் நச்சுப் புகைக்கு ஆளானார்கள். இங்கே அதே தவற்றைச் சாரல் செய்ய வைக்கிறது: எஞ்சின் அஞ்சடிக்கு, அதாவது வீட்டு முன்புறக் கூரையடிக்கு, நகர்ந்துவிடுகிறது.

புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறி போடுவதும் போதாது. தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாத பழைய லயங்களில் ஒரு வீட்டுப் புகை பக்கத்து வீட்டையும் எட்டும். அறிகுறி தெரிந்தால் முதலில் எல்லோரும் வெளியே வர வேண்டும். பிறகு 999-ஐ அழைக்க வேண்டும்.

பொதுமின்சாரம் வராத தோட்டங்களில் எஞ்சினுக்குத் தனிக் கொட்டகை இருந்தது. விளக்கு சில மணி நேரமே எரிந்தாலும் புகை லயத்துக்கு வராது. இன்று எஞ்சின் வாசலுக்கே வந்துவிட்டது. கொட்டகையின் தூரத்தை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் கதவு ஜன்னலைப் பார்க்காதபடி வைக்க வேண்டும். செங்கல் அடுக்கி மேட்டில் நிறுத்தி, நான்கு பக்கமும் திறந்த கூரை போட்டால் மழைக்குப் போதும். ஈரக் கையால் தொடக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் இயக்கக் கூடாது.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் சுவர் சாக்கெட்டில் மின்சாரம் ஏற்றுவது இன்னொரு கெட்ட வழக்கம். வீட்டின் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பின்னோக்கிப் பாய்ந்தால் 11,000 வோல்ட்டாக ஏறும். கம்பியைச் சரிசெய்யும் தெனாகா நேஷனல் ஊழியர் அங்கேதான் நிற்பார். வீட்டு வயரிங்கோடு இணைக்க வேண்டுமானால், உரிமம் பெற்ற வயர்மேன் மாற்றுச் சுவிட்ச் பொருத்த வேண்டும். இல்லையேல், வெளியிடத்துக்கு ஏற்ற தடித்த எக்ஸ்டென்ஷன் வயரில் சாதனங்களை நேரே செருகலாம். ஆனால் ஜெனரேட்டரின் திறனைப் பார்த்துச் செருக வேண்டும். குளிர்சாதனப் பெட்டி ஓடுவதைவிடத் தொடங்கும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மின் கெட்டிலோ தனியாகவே 2,000 வாட்டுக்கு மேல் கேட்கலாம்.

பெட்ரோல் ஊற்றும்முன் எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான உலோகத்தில் சிந்தினால் தீப்பற்றும். கேமரன் மலைக் குளிரில் சோக் சற்று நேரம் கூடுதலாகத் தேவைப்படலாம், அவ்வளவுதான். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்பரேட்டரை அடைக்கும். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எரிபொருள் தீர்ந்து தானே நிற்கும்வரை வெளியில் ஓடவிட்டு, பிறகு எடுத்து வைக்க வேண்டும்.