ஓநாய்ச் சிலந்தியும் ஓர் அடைப்புக்குறியும்

1804இல் லாத்ரேல் உருவாக்கிய 'லைகோசா' என்ற பேரினம், பின்னால் வந்தவர்களுக்குக் குப்பைக்கூடையாகிப் போனது. தரையில ஓடி இரை பிடிக்குதா, போடு உள்ளே! வால்க்நேர் 1805இல் பெயரிட்ட லைகோசா கரோலினென்சிஸ் இன்று ஹோக்னா கரோலினென்சிஸ். சிலந்தி மாறவில்லை; ஆணின் உணர்கை நுனியையும் பெண்ணின் பிறப்புறுப்புத் தகட்டையும் வாசிக்கிற கண் மாறியது. எனவே வகைப்பாட்டை இயற்கையின் நகல் என்று நான் கொள்வதில்லை. அது திருத்தத்துக்கு உட்பட்ட ஒரு பிரதி. திருத்தம் பழையதை அழிப்பதுமில்லை: பேரினம் மாறியதால் வால்க்நேரின் பெயர் அடைப்புக்குறிக்குள் போகிறது. அந்தக் குறி ஒரு தழும்பு.

அதிகாரம் அப்பட்டமாகத் தெரிவது விதியில்தான். விலங்குப் பெயர்களின் காலம் 1758இல், லின்னேயஸின் நூலோடு தொடங்குகிறதாம். க்ளெர்க்கின் சிலந்தி நூலோ 1757லேயே வந்துவிட்டது. என்ன செய்தார்கள்? அதுவும் 1758 ஜனவரி 1இல் வெளியானதாகக் 'கொள்ளப்படும்' என்று எழுதிவிட்டார்கள். லின்னேயஸின் பெயர்களைவிட க்ளெர்க்கின் பெயர்களுக்கே முன்னுரிமை!