சாதுவாகத் தோன்றும் கட்டி

மார்பகக் கட்டியை அல்ட்ராசவுண்ட் கருவியால் ஆராயும் மருத்துவர், உள்ளே செலுத்தப்பட்ட ஒலியலைகள் எங்கே எதிரொலித்துத் திரும்புகின்றன, எங்கே தடைபடுகின்றன, எங்கே எளிதாகக் கடந்து செல்கின்றன என்பதைக் கொண்டே அதன் தன்மையை மதிப்பிடுகிறார். மார்பகப் புற்றுநோய்கள் பலவற்றில் நார்த்திசு இறுகி வளர்வதால், விளிம்பு முட்கள்போல் நீண்டு ஒழுங்கற்றுக் காணப்படும். ஒலி அதைக் கடக்க இயலாமல் பின்புறம் கருநிழல் விழும். மருத்துவரின் ஐயத்தை உடனே எழுப்பும் அடையாளங்கள் இவை.

பிஆர்சிஏ1 என்னும் மரபணுவில் பிறவியிலேயே பிழையுள்ள பெண்களுக்கு வரும் புற்றுநோய், பல வேளைகளில் இந்த அடையாளங்களைக் காட்டுவதில்லை என்பதே கவலைக்குரியது. 1994ஆம் ஆண்டு பிரித்தறியப்பட்ட இம்மரபணு, உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழைகள் அறுபடும்போது அவற்றைச் செப்பனிட உதவுகிறது; அது பழுதுபட்ட பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. அவ்வாறு தோன்றும் புற்றுகளில் பெரும்பாலானவை, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்னும் மூன்று ஏற்பிகளும் இல்லாத, ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ எனப்படும் வேகமாக வளரும் வகையைச் சேர்ந்தவை. உயிரணுக்கள் நெருக்கமாகத் திரண்டு, சுற்றுத்திசுவை ஒதுக்கித் தள்ளியபடியே அவை பெருகுவதால், திரையில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, வழவழப்பான விளிம்புடன் கருமையாகத் தெரிகின்றன. ஒலி எளிதில் ஊடுருவுவதால் பின்புறத்தில் நிழலுக்கு மாறாக வெளிச்சம் படர்கிறது. இளம்பெண்களுக்குப் பரவலாக வரும் ஃபைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற கட்டியின் உருவமும் ஏறத்தாழ இதுவே; மரபணுப் பிழை உள்ளோருக்குப் புற்று வருவதும் பிறரைவிட இளம் வயதிலேயே என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. விளிம்பின் ஓரிடத்தில் தென்படும் நுண்ணிய மேடுபள்ளங்களோ, சில மாதங்களுக்குள் கட்டி பெருத்துவிடுவதோ மட்டுமே சில சமயம் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு மாறாக, பிஆர்சிஏ2 என்னும் மற்றொரு மரபணுவின் பிழையால் வரும் புற்றுகள் பெரிதும் வழக்கமான புற்றின் சாயலையே கொண்டவை.

பைராட்ஸ் எனப்படும் தரவரிசையில், தீங்கற்ற தோற்றமுள்ள கட்டிக்கு மூன்றாம் நிலை அளித்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது பொது வழக்கம். புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பதே அதன் அடிப்படை. பொதுவான பெண்களுக்கு வகுத்த அந்தக் கணக்கை மரபணுப் பிழையுள்ளவருக்கு அப்படியே பொருத்துவது ஆபத்தானது. அவருக்குப் புதிதாகத் தோன்றும் திடக்கட்டி எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியே தகுந்த வழி.

அல்ட்ராசவுண்ட் மட்டும் இவர்களுக்குப் போதாது. அமெரிக்க வழிகாட்டு நெறிகள் 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. படத்தையும், 30 வயது முதல் அதனுடன் மேமோகிராமையும் பரிந்துரைக்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் ஐயத்துக்குரிய இடம் தென்பட்டால், அதே இடத்தை அல்ட்ராசவுண்டில் மறுபடி தேடி, அதன் துணையோடு ஊசியைச் செலுத்துவது மருத்துவருக்கும் நோயாளிக்கும் எளிது.

இவை அனைத்தும், ஸ்கேன் செய்பவருக்குக் குடும்ப வரலாறு தெரிந்திருந்தால் மட்டுமே நடக்கும். பிழையுள்ள மரபணு பெற்றோர் எவரிடமிருந்தும் சரிபாதி வாய்ப்புடன் பிள்ளைக்கு வந்து சேரும். ஆகவே தாய், சித்தி, பாட்டி ஆகியோரின் நோயோடு, தந்தையின் தாய்க்கோ அத்தைக்கோ வந்த மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் பரிந்துரைச் சீட்டில் இடம்பெற வேண்டும்.