மாரிக் கீரையைக் கோடைக்கும் வைத்திருப்போம்

மாரி காலத்தில் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் கீரைக்குக் குறைவில்லை. பசளி படர்கிறது, முளைக்கீரை நெருங்கி எழும்புகிறது. உண்டு முடிக்க இயலாமல் மிஞ்சியதை மாட்டுக்குப் போடுகிறோம். சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் பாத்தி காய்ந்துவிடுகிறது. மாட்டுக்குப் போட்ட அதே கீரையை அப்போது சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

1990இல் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களுக்கும், அவர்களைப் போல இரவல் காணியில் இரண்டு பாத்தியை நம்பி வாழ்ந்தவர்களுக்கும் இது சிறிய இழப்பன்று. கர்ப்பிணித் தாய்க்கும் வளரும் பிள்ளைக்கும் கோடையிலும் கீரை வேண்டும். ஆகவே, மிஞ்சும் கீரையைக் காத்து வைக்கும் இரு வழிகளை இங்கு விளக்குகிறோம்.

கீரை ஏன் பழுதாகிறது?

பறித்த பின்னரும் இலை சுவாசிக்கிறது. இலையிலுள்ள நொதியங்கள் அதன் நிறத்தையும் சுவையையும் சத்தையும் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. கடுங்குளிர் இந்த வேலையை மெதுவாக்குமே தவிர, நிறுத்தாது. முதன்முறை நாமும் இதை அறியாது பச்சைக் கீரையை அப்படியே உறைய வைத்தோம். சில வாரங்களில் அது நிறம் மங்கி, வைக்கோல் மணம் வீசியது. நொதியத்தை அடக்குவது வெந்நீரே.

உறைய வைக்கும் முறை

1. காலையில் பறித்த கீரையில் பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் நீக்கி, மண் போகும்வரை பல தண்ணீரில் கழுவுக.

2. கால் கிலோ கீரைக்கு நான்கு லீற்றர் தண்ணீரை நன்கு கொதிக்க வைத்து, கீரையை அதில் 2 நிமிடம் அமிழ்த்துக. தண்ணீர் குறைந்தால் கொதி அடங்கிப் பயன் கெடும். அதே தண்ணீரில் அடுத்த பிடியையும் அமிழ்த்தலாம்.

3. உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் 2 நிமிடம் இடுக. இன்றேல் உள்ளிருக்கும் சூட்டில் கீரை தொடர்ந்து வெந்துவிடும். பின்னர் நீரை வடித்து மெதுவாகப் பிழிக.

4. ஒரு நேரச் சமையலுக்கு வேண்டிய அளவைச் சுத்தமான பொலித்தீன் பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றிக் கட்டித் திகதி எழுதுக.

பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிரில் இக்கீரை எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை நன்றாயிருக்கும். ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியின் சிறிய பனி அறையில் அவ்வளவு குளிர் கிடைப்பதில்லை. அதில் வைத்ததை ஒரு மாதத்துக்குள் சமைத்துவிடுவது நன்று.

உருகும்போது கவனிக்க வேண்டியவை

இலையின் பெரும்பகுதி நீரே. அது உறையும்போது பனிப்படிகங்கள் கலச்சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. ஆகையால் உருகிய கீரை துவண்டு நீர் விடும். இது பழுதன்று, ஆனால் வல்லாரைச் சம்பல் போன்ற பச்சைக் கறிக்கு ஆகாது. கடையலுக்கும் பருப்புக்கும் சொதிக்கும் கூழுக்கும் ஏற்றது. இவற்றுக்கு உருக வைக்காமல் கட்டியாகவே கொதிக்கும் சட்டியில் இடலாம். வறைக்கென்றால் முதல் நாளிரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கிப் பிழிந்தெடுங்கள். பிழிந்த நீரில் சத்துண்டு. அதைச் சொதியில் சேருங்கள். குசினி மேசையில் வைத்து உருக்கினால் கிருமிகள் பெருகும்.

2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருங்கள். வந்த பின் பாருங்கள்: கீரையில் பனித்துகள் இன்னும் இருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். உருகியும் நல்ல குளிராக இருந்தால் அன்றே சமையுங்கள். குளிர் நீங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தால், மணம் நன்றாயிருந்தாலும் எருக்குழிக்கே.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில்

முருங்கையிலையை நிழலில் உலர்த்துங்கள். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே இதற்கு உகந்தவை. ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். கழுவி உருவிய இலையைக் காற்றோட்டமுள்ள அறையில் துணிமேல் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டுங்கள். நேர் வெயில் கூடாது. விற்றமின் ஏ தரும் சத்தை அது அழிக்கும். சில நாட்களில், கையில் கசக்கினால் நொறுங்கும் பதம் வரும். ஈரமற்ற போத்தலில் இறுக மூடி இருட்டில் வையுங்கள். பூஞ்சண மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். நொறுக்கிய தூளைப் பருப்பிலோ கூழிலோ சேர்க்கும்போது சிறிது தேங்காய்ப்பாலும் விடுங்கள். அச்சத்தை உடல் ஏற்கக் கொழுப்பு வேண்டும்.

ஐந்தாறு குடும்பங்கள் கூடி, ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பையில் பெயரும் திகதியும் இருந்தால் பிணக்கு வராது, மின்கட்டணத்தையும் பகிருங்கள். ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின்னரும், மிஞ்சிய துண்டுகளை வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. நிறைவின் நாளில் சேர்ப்பது பேராசையன்று. நாளை பசிக்கும் பிள்ளையை இன்றே நினைத்துக்கொள்வதே அது.