டிக்கிக்கு ஒரு சப்வூஃபர் பெட்டி

பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஒன்றைப் பெட்டி இல்லாமல் மேசைமேல் வைத்து ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பாருங்கள். கூம்பு முன்னும் பின்னும் துள்ளும். பாஸ் மட்டும் காதுக்கு எட்டாது. கூம்பு முன்னே வரும்போது எதிரே உள்ள காற்று அழுந்துகிறது, பின்னால் உள்ள காற்று தளர்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஸ்பீக்கரின் விளிம்பு ஒரு தடையே அல்ல. அழுந்திய காற்று சுற்றிக்கொண்டு பின்னால் ஓட, முன் அலையும் பின் அலையும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அந்தப் பின்பக்கக் காற்றைச் சிறை வைக்கத்தான் பெட்டி.

சிறைப்பட்ட காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது சுருள்வில் போல இருந்து, கூம்பு எல்லை தாண்டாமல் இழுத்துப் பிடிக்கிறது. அமெரிக்காவின் எட்கர் வில்சர் 1954-இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரை இந்தக் கருத்தின் மேல்தான் கட்டினார். சிறிய பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த பாஸ் வரும் என்பதை அது காட்டியது. ஆகவே நாம் கட்டப்போவது மரச்சாமான் என்று எண்ண வேண்டாம். அளந்தெடுத்த காற்றைக் கசியாமல் அடைக்கும் வேலை இது.

துளை வைத்த பெட்டி அதிக சத்தம் தரும் என்பது உண்மை. ஆனால் அதில் துளையின் நீளமும் அகலமும் கணக்குத் தவறினால் பாஸ் குழம்பிவிடும். முதல் பெட்டிக்கு மூடிய வகையே போதும் என்பது என் உறுதியான கருத்து. கார் என்பதாலேயே அதற்கு ஒரு வலுவும் சேர்கிறது. மூடிய பெட்டியில் பாஸ் ஆழமாகப் போகப் போக ஒலி குறையும். சின்னக் காருக்குள்ளோ, சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலையின் பாதியே கேபினைவிட நீளமாகிவிடுவதால், கூம்பு ஒரு பம்பு போல முழுக் கேபினையும் அழுத்துகிறது, ஒலி ஏறுகிறது. பெட்டி இழப்பதில் பெரும்பகுதியைக் கார் திருப்பித் தருகிறது.

கொள்ளளவை ஸ்பீக்கருடன் வரும் தாளில் பாருங்கள். பன்னிரண்டு அங்குலத்துக்குப் பெரும்பாலும் 1 கன அடி, அதாவது 28 லிட்டர் அளவில் கேட்பார்கள். அதைவிடச் சிறிதாக்கினால் ஒரே சுருதியில் 'தொம் தொம்' என்று முட்டும். பெரிதாக்கினால் பிடிமானம் தளரும்.

18 மி.மீ. பலகையில், வெளியளவு 450 x 360 x 270 மி.மீ. என்று வைப்போம். இருபுறமும் பலகைத் தடிமனைக் கழித்தால் உள்ளளவு 414 x 324 x 234. பெருக்கினால் 31.4 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே வைக்கும் தாங்கு கட்டையும் அடைக்கும் இடம் போக 28-ஐ ஒட்டி நிற்கும். வெட்ட வேண்டியவை: முன்னும் பின்னும் 450 x 360 இரண்டு, மேலும் கீழும் 450 x 234 இரண்டு, பக்கங்களுக்கு 324 x 234 இரண்டு. 8 x 4 அடிப் பலகையில் கால்வாசி இருந்தால் போதும்.

எம்.டி.எஃப் அடர்த்தியானது, எளிதில் அதிராது, விலையும் குறைவு. தண்ணீர் பட்டால் மட்டும் உப்பிவிடும். மழையில் டிக்கி ஒழுகும் கார், கடலோர ஊர் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். பலகையைக் கடையிலேயே மெஷினில் வெட்டித் தரச் சொல்வது நல்லது. மூலைமட்டத்துக்கு நேராக வெட்டிய விளிம்புதான் கசியாத மூட்டு. ஸ்பீக்கர் உட்காரும் வட்டத்தை ஜிக்சாவில் நீங்களே வெட்டலாம். முகக்கவசம் கட்டாயம், எம்.டி.எஃப் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வட்டம் ஸ்பீக்கரின் வெளிவிட்டம் அல்ல, தாளில் உள்ள 'கட் அவுட்' அளவு.

பொறுமை முழுவதும் மூட்டுகளுக்கே தேவை. விளிம்பு முழுக்கப் பசை தடவி, 15 செ.மீ.க்கு ஒன்றாக 38 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். அதற்கு முன் 3 மி.மீ. ட்ரில் பிட்டால் துளை போடாவிட்டால் எம்.டி.எஃப் விளிம்பு பிளந்துவிடும். வலிமை தருவது பசைதான். காயும்வரை பலகையை இறுக்கிப் பிடிப்பதே ஸ்க்ரூவின் வேலை. காய்ந்தபின் உள்மூலைகள் எல்லாவற்றிலும் சிலிக்கான் இழுத்து ஒரு நாளாவது விடுங்கள். புளித்த வாடை போகும்முன் ஸ்பீக்கரை மாட்டினால் அந்த ஆவி அதன் பாகங்களைக் கெடுக்கும். கம்பி நுழையும் டெர்மினலைச் சுற்றி அடைக்க மறப்பவர்கள் அதிகம்.

மாட்டியதும் இரு உள்ளங்கைகளாலும் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்திப் பிடியுங்கள். எதிர்த்துத் தள்ளும் விசை குறையாமல் நின்றால் பெட்டி இறுக்கம். சிறிது சிறிதாகத் தளர்ந்தால் எங்கோ கசிகிறது. ஆழ்ந்த ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஊதுபத்தியை மூட்டுகள் ஓரமாக நகர்த்துங்கள். புகை துடிக்கும் இடத்தில் மறுபடி சிலிக்கான். கார்ப்பெட் ஒட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கம்பியில் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். கம்பி எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் தீயைத் தடுப்பது அதுதான். பலகையே 9 கிலோ வரும். ஸ்பீக்கரும் சேர்ந்தால் 15 கிலோவைத் தாண்டலாம். திடீர் பிரேக்கில் அது பின் இருக்கையில் இருப்பவர் முதுகை நோக்கித்தான் வரும். எல் வடிவ இரும்புத் துண்டுகளால் டிக்கித் தரையோடு போல்ட் போட்டுவிடுங்கள். ஸ்டெப்னி எடுக்க வழி இருக்கட்டும். துளை போடும்முன் காருக்கு அடியில் படுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டாங்கும் அதன் குழாய்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.