யி எழுத்தும் கணினித் திரையும்

சீனத்தின் தென்மேற்கு மலைப்பகுதியில் சிச்சுவான், யுன்னான், குய்சோ ஆகிய மாகாணங்களில் யி இன மக்கள் வாழ்கின்றனர். சடங்குப் பாடல்களையும் குலவரலாறுகளையும் பீமோ எனப்படும் பூசகர்கள் சுவடிகளில் எழுதித் தலைமுறைதோறும் காத்து வந்தனர். இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்த அவ்வெழுத்து, சிச்சுவானில் 1970களில் ஒழுங்குபடுத்தப்பட்டது. 819 அசையெழுத்துகள் கொண்ட அம்முறைக்குச் சீன அரசு 1980இல் ஒப்புதல் அளித்தது. பாடநூல்களும் செய்தித்தாள்களும் அவ்வெழுத்தில் அச்சாயின.

தமிழில் க, கி, கு ஆகியவை ஒரே அடிவடிவத்தின் விரிவுகள். யி எழுத்திலோ ஒலியால் நெருங்கிய அசைகளும் பெரும்பாலும் வடிவத்தால் தொடர்பற்றவை. ஆகவே, எழுத்துரு வடிவமைப்பாளர் ஒவ்வோர் அசையையும் தனித்தனியே வரைதல் வேண்டும். இம்மொழியில் குரலின் ஏற்ற இறக்கமும் பொருளை வேறுபடுத்தும். அவற்றுள் ஒரு தொனியைக் காட்ட எழுத்தின்மேல் சிறு வளைவு இடப்படுகிறது. வளைவு பெற்றவை 345. ஒரு மீள்குறியும் சேர, 1999இல் வெளியான ஒருங்குறியின் மூன்றாம் பதிப்பில் 1165 குறியிடங்கள் ஒதுக்கப்பட்டன.

குறியிடம் என்பது எழுத்துக்குக் கணினி அளிக்கும் எண் மட்டுமே. உரிய எழுத்துரு இல்லையெனில் அவ்விடத்தில் வெற்றுக் கட்டமே தோன்றும். விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த 'மைக்ரோசாஃப்ட் யி பைதி', கூகுளின் 'நோட்டோ சான்ஸ் யி' முதலிய எழுத்துருக்கள் அக்குறையை நீக்கின.

வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் பல. சில எழுத்துகள் ஓரிரு கோடுகளால் ஆனவை; சில பல கோடுகள் செறிந்தவை. ஒரே அளவுச் சதுரத்துள் அடங்கும் அவை வரியில் ஒரே சீராகத் தோன்ற வேண்டும். ஒரு சிறு கோட்டால் மட்டும் வேறுபடும் எழுத்துகள் கைப்பேசித் திரையிலும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். தலைமேல் வரும் வளைவுக்கும் இடம் விட வேண்டும். சீன எழுத்தின் தூரிகைச் சாயலை அப்படியே ஏற்றினால், யி எழுத்துக்கே உரிய வளைவுகள் சிதைந்துவிடும்.

அந்த 1165 இடங்களும் சிச்சுவானின் புதிய முறைக்கே உரியவை. யுன்னான், குய்சோ பகுதிகளின் பழைய எழுத்துகள் அவற்றுள் அடங்கவில்லை. குறியிடம் பெறாத எழுத்தில் அமைந்த சுவடியைப் படமாகச் சேமிக்கலாம். அதில் ஒரு சொல்லைத் தட்டித் தேட இயலாது. தன் எழுத்தைக் கைப்பேசியில் காணாத இளைஞர் நண்பருக்குச் சீனத்திலேயே எழுதுவார். அந்நிலையில் முன்னோர் எழுத்து சடங்குக்கு மட்டும் உரியதாய்ச் சுருங்கும். அன்றாடச் செய்தியிலும் அது இடம்பெற எழுத்துரு துணைநிற்கிறது.